நீண்ட எக்ஸ்போஷரும் குறுகிய எக்ஸ்போஷரும் இணைய மறுக்கும்போது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

விண்வெளியில் சுடரும் வாயு மேகமான ஓரியன் நெபுலாவைப் படமெடுக்க ஒரே எக்ஸ்போஷர் (கேமரா ஒளியை வாங்கும் நேரம்) போதாது. அதன் நடுவே ட்ரபீசியம் விண்மீன்கள் நெருங்கி நின்று சுற்றியுள்ள வாயுவைச் சுடர வைக்கின்றன. வெளிச்சிறகுகளைத் தாண்டிப் பரவியுள்ள தூசுப் படலமோ அந்த மையத்தைவிடப் பல நூறு மடங்கு மங்கலானது. 180 விநாடிப் பிரேமில் (ஒரு தடவை எடுத்த தனிப் படத்தில்) தூசு தெரியும், மையம் வெள்ளைத் திட்டாகிவிடும். 5 விநாடிப் பிரேமில் ட்ரபீசியத்தின் நான்கு விண்மீன்களையும் தனித்தனியே எண்ணிவிடலாம், ஆனால் தூசு இருந்த சுவடே இருக்காது. ஆகவே இரண்டையும் எடுத்து ஒன்றாக்குகிறோம். ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலத்தின் மையத்துக்கும் இதே கதைதான்.

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, கேமராவையும், வான் சுழற்சிக்கேற்ப அதைத் திருப்பும் ட்ராக்கரையும் சுமந்துகொண்டு ஏற்காட்டுக்குச் செல்பவர்களுக்கு மேகமும் மூடுபனியும் இல்லாத இரவு எளிதில் வாய்ப்பதில்லை என்பதால், கையில் உள்ள பிரேம்களைத் தூக்கி எறியாமல் காப்பாற்ற வழி இருக்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை. கீழே சொல்லப்படும் பிழைகளில் பெரும்பாலானவை மறுபடி மலையேறாமலேயே சரிசெய்யக்கூடியவை. மலையேறித்தான் ஆக வேண்டும் என்ற இடங்களை அங்கங்கே குறிப்பிட்டுள்ளேன். ஒரே கேமரா, ஒரே லென்ஸ், ஒரே ஐஎஸ்ஓ, எக்ஸ்போஷர் மட்டும் 180, 30, 5 விநாடிகள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஐஎஸ்ஓவையோ கெயினையோ (இரண்டும் சிக்னலைப் பெருக்கும் அளவு) நடுவில் மாற்றியிருந்தால் பயாஸ் (ஒளியே இல்லாதபோதும் கேமரா எல்லாப் பிக்சலிலும் சேர்க்கும் நிலையான எண்), டார்க் (லென்ஸை மூடி எடுத்து, வெப்பத்தால் வரும் போலிச் சிக்னலைக் காட்டும் பிரேம்), பிரகாச விகிதம் ஆகிய மூன்றும் மாறிவிடும். அப்போது இங்குள்ள கணக்குகள் அப்படியே பொருந்தா.

எல்லாப் பிழைகளுக்கும் முன்பாக மனத்தில் இருக்க வேண்டியது ஒன்று உண்டு. குறுகிய எக்ஸ்போஷர், நீண்ட எக்ஸ்போஷரில் பிக்சல் ஒளியால் நிரம்பி உச்ச எண்ணைத் தொட்டுவிட்ட இடத்தை நிரப்புவதற்காக மட்டுமே எடுக்கப்படுகிறது. மற்ற இடங்களில் அதற்கு வேலை இல்லை. அங்கே அதைச் சேர்த்தால் படம் கெடும். எல்லாப் பிரேம்களையும் ஒரே குவியலாக மென்பொருளில் போட்டு ஸ்டாக் செய்வதே (ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி எடுப்பதே) நான் பார்க்கும் பாதிப் பிழைகளுக்குக் காரணம். 180 விநாடிக்கு ஒரு ஸ்டாக், 30 விநாடிக்கு ஒரு ஸ்டாக், 5 விநாடிக்கு ஒரு ஸ்டாக் என்று தனித்தனியே முடித்த பிறகு, அந்த மூன்று படங்களை மட்டும் இணைக்க வேண்டும்.

இணைத்த பிறகும் மையம் வெள்ளையாகவே இருக்கிறது

மையத்தில் தகவல் உண்மையிலேயே இல்லையா, அல்லது திரையில் மட்டும் தெரியவில்லையா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். இணைத்த கோப்பு நேரியல் நிலையில் இருக்கிறது, அதாவது அதன் எண்கள் ஒளியின் அளவுக்கு நேர்விகிதத்தில் உள்ளன. தூசு தெரியும் அளவுக்கு அதை ஸ்ட்ரெட்ச் செய்தால் (மங்கலானவற்றைப் பிரகாசமாக்கினால்) மையம் வெளுத்துத்தான் தோன்றும். சுட்டியை ட்ரபீசியத்தின் அருகே வைத்து, பிக்சல் பிக்சலாக நகர்த்தி, மென்பொருள் காட்டும் எண்களைப் படியுங்கள். 0.412, 0.437, 0.398 என்று எண்கள் ஏறி இறங்கினால் தகவல் பத்திரமாக இருக்கிறது; குறை ஸ்ட்ரெட்ச்சில்தான். சிரில் என்னும் படச் செயலாக்க மென்பொருளில் அசின்ஹ் ஸ்ட்ரெட்ச்சையும், பிக்ஸ்இன்சைட் மென்பொருளில் எச்டிஆர் மல்டிஸ்கேல் டிரான்ஸ்ஃபார்மையும் முயன்று பாருங்கள். மாறாக, பத்துப் பிக்சல் நகர்த்தியும் ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் இணைப்பு நடக்கவே இல்லை என்று பொருள்.

இணைப்பு நடக்காமல் போவதற்கு முதன்மையான காரணம், ஸ்டாக் செய்யும்போது நடக்கும் சிக்மா நீக்கம், அதாவது மற்றவற்றிலிருந்து மிகவும் விலகி நிற்கும் எண்களை ஒதுக்கிவிடும் முறை. அது எப்படி நேர்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் பார்க்கலாம். 180 விநாடிப் பிரேம்கள் 60, 5 விநாடிப் பிரேம்கள் 6, எல்லாம் ஒரே குவியல். மையத்தில் ஒரு பிக்சலின் உண்மையான பிரகாசம், 180 விநாடி அளவுகோலில் 3.0 என்று வைத்துக்கொள்வோம். நீண்ட பிரேம்கள் அறுபதும் நிரம்பிப்போனதால் 1.0 என்றே சொல்லும். குறுகிய பிரேம்கள் ஆறும், 36 மடங்கு பெருக்கிச் சமப்படுத்தப்பட்ட பின், 3.0 என்று சரியாகச் சொல்லும். மென்பொருளுக்கு எது நிரம்பிய பிக்சல் என்பது தெரியாது. அறுபது பேர் ஒரே எண்ணைச் சொல்ல ஆறு பேர் மட்டும் விலகி நிற்பதைக் கண்டு, செயற்கைக்கோள் கோட்டை நீக்குவதுபோல அந்த ஆறையும் நீக்கிவிடும். சரியான தகவல்தான் வெளியேற்றப்படுகிறது. நீக்கத்தை நிறுத்தி வைத்தாலும் பயன் குறைவு, ஏனெனில் சராசரி 1.18 என்று வரும். மையத்தின் நுட்பங்கள் பதினொன்றில் ஒரு பங்காக நீர்த்துப்போகும். தனித்தனி ஸ்டாக் என்பதே இதற்குத் தீர்வு.

டீப்ஸ்கைஸ்டாக்கர் என்னும் ஸ்டாக் மென்பொருளைப் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் உள்ள குரூப் என்னும் வசதி, ஒவ்வொரு எக்ஸ்போஷருக்கும் உரிய டார்க்கைச் சரியாகப் பொருத்தித் தருமே தவிர, கடைசியில் எல்லாவற்றையும் ஒரே படமாகவே ஸ்டாக் செய்யும். சிக்மா நீக்கத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால் மேலே சொன்ன பிழை அங்கும் நேரும்.

இரண்டாவது காரணம் கோப்பின் எல்லை. தனித்தனியே ஸ்டாக் செய்து, குறுகியதை 36 ஆல் பெருக்கினால் மையத்தின் எண்கள் 1.0 ஐத் தாண்டும். தாண்டியதை மென்பொருள் வெட்டிவிடும். எனவே குறுகியதைப் பெருக்காமல், நீண்டதை 36 ஆல் வகுத்துக் கீழே கொண்டுவாருங்கள். 32 பிட் மிதவைக் கோப்பாகவே தொடக்கம் முதல் முடிவு வரை வைத்திருங்கள். நடுவில் ஒருமுறை 16 பிட் டிஃப் கோப்பாகச் சேமித்தால், வகுக்கப்பட்ட தூசுப் பகுதி ஒருசில படிநிலைகளுக்குள் நசுங்கிவிடும்.

மூன்றாவது காரணம், 5 விநாடியே மையத்துக்கு அதிகமாக இருந்திருக்கலாம். ஒரு தனிப் பிரேமைத் திறந்து பாருங்கள். ட்ரபீசியம் விண்மீன்கள் நிரம்பியிருந்தால் கவலை வேண்டாம். சுற்றியுள்ள வாயுவும் நிரம்பியிருந்தால் மென்பொருளால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை, அடுத்த முறை 1 அல்லது 2 விநாடியில் எடுக்க வேண்டும்.

மையத்தைச் சுற்றி வளையமோ சாம்பல் வட்டோ தெரிகிறது

இணைத்தவர்களை அதிகம் அலைக்கழிப்பது இதுதான். மையம் தெளிவாக வந்திருக்கும், ஆனால் அதைச் சுற்றி யாரோ காகிதத்தை வெட்டி ஒட்டியதுபோல ஒரு விளிம்பு தெரியும். எந்த இடத்தில் எந்தப் படம் தெரிய வேண்டும் என்று வரையறுக்கும் மறைப்படத்தின் விளிம்பை மேலும் மேலும் மழுங்கடித்து அதைச் சரிசெய்யப் பலர் முயல்கிறார்கள். அப்போது பிழை மறைவதில்லை, பரவுகிறது. இரண்டு படங்களும் ஒரே பிக்சலுக்கு வெவ்வேறு எண்களைச் சொல்கின்றன என்பதே இதன் பொருள். ஆகவே எண்களைத்தான் திருத்த வேண்டும்.

வான் பின்னணியைக் கழித்தீர்களா என்று முதலில் பாருங்கள். டார்க் கழித்த நீண்ட ஸ்டாக்கில் வெற்று வானம் 1,800, நிரம்பாத நெபுலாப் பகுதி 19,800 என்றும், குறுகிய ஸ்டாக்கில் அதே இடங்கள் 50, 550 என்றும் இருப்பதாகக் கொள்வோம். பின்னணியைக் கழித்தால் 18,000, 500. விகிதம் 36. சரியாக இருக்கிறது. இப்போது அதே குறுகிய ஸ்டாக்கில் பயாஸ் கழிக்க மறந்து 512 என்ற நிலையான எண் எல்லாப் பிக்சலிலும் ஒட்டிக்கொண்டிருந்தால், நெபுலா 1,062 என்று காட்டும். அதை 36 ஆல் பெருக்கினால் 38,232 வரும். 19,800 உடன் அது எப்படிப் பொருந்தும்? விளிம்பு தெரியாமல் இருக்க வழியே இல்லை.

அடுத்தது விகிதம். 180 ஐ 5 ஆல் வகுத்தால் 36 என்பது காகிதக் கணக்கு. வானத்தின் கணக்கு அன்றிரவு எப்படி இருந்ததோ அப்படி. ஜனவரி நடுவில் ஏற்காட்டில் ஓரியன் நெபுலா இரவு பத்தே கால் மணியளவில் உச்சிக்கோட்டைக் கடக்கும். அப்போது அது தெற்கே ஏறத்தாழ 73 டிகிரி உயரத்தில் நிற்கும். நீண்ட பிரேம்களை அந்த நேரத்தில் எடுத்துவிட்டு, குறுகியவற்றைப் பின்னிரவில் அது மேற்கே 30 டிகிரிக்கு இறங்கிய பின் எடுத்தால், ஒளி கடந்து வரும் காற்றின் அளவு இருமடங்காகிவிடும். ஒரு காற்றடுக்குக்கு (நேர் உச்சியிலிருந்து வரும் ஒளி கடக்கும் காற்றின் அளவுக்கு) கால் மேக்னிட்யூட் (விண்மீன் பிரகாசத்தின் அலகு) இழப்பு என்று கொண்டால்கூட உண்மை விகிதம் 36 ஆக இராது, 45 ஐ ஒட்டி இருக்கும். எனவே விகிதத்தைக் கணக்கிடாமல் அளந்து எடுங்கள்: இரண்டு ஸ்டாக்கிலும் நிரம்பாத, ஆனால் படத்தின் இரைச்சலுக்கு (மணல்போன்ற கரகரப்புக்கு) மேல் நன்கு எழுந்து நிற்கும் ஒரு நெபுலாப் பகுதியைச் சிறு பெட்டியாகத் தேர்ந்து, அதன் சராசரியிலிருந்து வான் பின்னணியைக் கழித்து, வகுத்துப் பாருங்கள். இதை மூன்று நான்கு இடங்களில் செய்து, எல்லாம் ஏறக்குறைய ஒரே எண்ணைத் தருகின்றனவா என்று சரிபார்ப்பது நல்லது. பிக்ஸ்இன்சைட்டில் லீனியர் ஃபிட்டும், சிரிலில் லீனியர் மேட்சும் இதே வேலையைத் தானாகச் செய்யும்; ஆனாலும் கையால் ஒருமுறை அளந்தவருக்குத்தான் அவை தவறும்போது கண்டுபிடிக்க முடியும்.

பின்னணியும் விகிதமும் சரியாக இருந்தும் வளையம் போகவில்லையெனில், மாற்றும் எல்லையைத் தவறாக வைத்திருக்கிறீர்கள். நிரம்பிய பிக்சல் எப்போதும் 1.0 என்று காட்டும் என்பது பரவலான நம்பிக்கை. 14 பிட் கேமராவின் மூல எண்ணுக்கு உச்சம் 16,383. மென்பொருள் அதைப் பெருக்காமல் 65,535 என்ற அளவுகோலிலேயே வைத்தால் உச்சம் 0.25 ஆகும். அதிலிருந்து டார்க் கழிகிறது, ஃப்ளாட்டால் (சீரான வெளிச்சத்தில் எடுத்து, லென்ஸின் ஓர மங்கலைக் காட்டும் பிரேமால்) வகுபடுகிறது. படத்தின் ஓரத்தில் ஒரு மதிப்பும் நடுவில் வேறொரு மதிப்புமாக உச்சமே சமதளமாக இல்லாமல் போகிறது. ஆகவே நீண்ட ஸ்டாக்கில் வெளுத்த மையத்தின் மேல் சுட்டியை வைத்து, அங்கே காணும் எண்ணையே உச்சமாகக் கொள்ளுங்கள். நிரம்புவதற்குச் சற்று முன்பே சென்சாரின் நேரியல் தன்மை குலைவதால், அந்த உச்சத்தில் 60 விழுக்காடு முதல் 80 விழுக்காடு வரையுள்ள இடைவெளியில் நீண்டதிலிருந்து குறுகியதற்குப் படிப்படியாக மாறுவதே பாதுகாப்பானது. பிக்ஸ்இன்சைட்டின் எச்டிஆர் காம்போசிஷனில் எல்லை முன்னிருப்பாக 0.8 என்று இருக்கும். கருவளையம் வந்தால் அதைச் சிறிது சிறிதாகக் குறைத்துப் பாருங்கள்.

தூசுப் பகுதி முன்னைவிட இரைச்சலாகிவிட்டது

நீண்ட ஸ்டாக் தனியாக இருந்தபோது வழவழப்பாக இருந்த பின்னணி, குறுகியதைச் சேர்த்ததும் மணல் தூவியதுபோல ஆனால், குறுகிய பிரேம்கள் மங்கலான பகுதியிலும் கலந்துவிட்டன என்று பொருள். 5 விநாடிப் பிரேமை 36 மடங்கு பெருக்கும்போது, வான் ஒளியால் வரும் இரைச்சல் மட்டுமே 180 விநாடிப் பிரேமின் இரைச்சலைவிட 6 மடங்காக இருக்கும். 20 நீண்ட பிரேம்களையும் 20 குறுகிய பிரேம்களையும் சம எடையில் சராசரி எடுத்தால், முடிவில் வரும் இரைச்சல், அந்த 20 நீண்ட பிரேம்களை மட்டும் ஸ்டாக் செய்ததைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. சென்சாரின் ரீட் நாய்ஸை (ஒவ்வொரு பிரேமையும் படிக்கும்போது சேரும் இரைச்சலை) இதில் இன்னும் சேர்க்கவில்லை. அது பிரேமுக்கு 3 எலக்ட்ரான் என்றால், 180 விநாடி ஒரே பிரேமில் 3 தான். அதே நேரத்தை 36 துண்டுகளாக எடுத்துக் கூட்டினால் 18. குறுகிய பிரேம்கள் எத்தனை எடுத்தாலும் தூசு துலங்காது என்று சொல்வதற்கு இதுவே அடிப்படை.

மறைப்படம் வைத்தே இணைத்திருந்தும் இரைச்சல் வருகிறதென்றால், மறைப்படத்தின் இருண்ட பகுதியை அளந்து பாருங்கள். அது 0.00 ஆக இருக்க வேண்டும், 0.03 இருந்தால்கூடப் பெருக்கப்பட்ட இரைச்சல் அதன் வழியே ஊடுருவும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. 120 விநாடி, 180 விநாடி என்று நெருக்கமான நேரங்கள், இரண்டிலும் வான் ஒளி ரீட் நாய்ஸை நன்கு விஞ்சி நிற்கிறது என்றால், அவற்றை உரிய டார்க் கழித்த பின் எடையிட்டு ஒரே ஸ்டாக்காக்குவதில் தீங்கில்லை.

மையம் இளஞ்சிவப்பாக மாறுகிறது

நிரம்பிய பிக்சலில் மூன்று நிறங்களும் ஒரே உச்ச எண்ணைக் கொண்டிருக்கும். வெள்ளைச் சமநிலைக்காகச் சிவப்பையும் நீலத்தையும் மென்பொருள் பெருக்கும்போது பச்சை மட்டும் பின்தங்கி, அங்கே மெஜந்தா நிறம் பூத்துவிடுகிறது. ஆகவே நிறத்தைச் சரிசெய்வதற்கு முன்பே இணைத்துவிடுங்கள். மூன்று ஸ்டாக்குகளுக்கும் தனித்தனியே தானியங்கி வெள்ளைச் சமநிலை போடுவதும் கூடாது. மையம் ஒரு நிறமும் சிறகு வேறு நிறமுமாக ஒட்டாமல் நிற்கும். எல்லையை நிர்ணயிக்கும்போதும் மூன்று நிறங்களில் எது முதலில் நிரம்புகிறதோ அதையே கணக்கில் கொள்ள வேண்டும். வழக்கமாக அது பச்சை.

குறுகிய பிரேம்கள் பொருந்த மறுக்கின்றன, அல்லது விண்மீன்கள் இரட்டையாகத் தெரிகின்றன

5 விநாடிப் பிரேமில் மென்பொருள் கண்டுபிடிக்கும் அளவுக்கு விண்மீன்கள் குறைவாகவே இருக்கும். கண்டறியும் எல்லையைத் தாழ்த்துங்கள். குறுகியவற்றை அவற்றுக்குள்ளேயே பொருத்தி ஸ்டாக் செய்துவிட்டு, அந்த ஸ்டாக்கை நீண்ட ஸ்டாக்கோடு பொருத்தினால் இன்னும் எளிது, ஏனெனில் இரைச்சல் குறைந்த படத்தில் மங்கலான விண்மீன்களும் எழுந்து நிற்கும். ஒப்பீட்டுப் பிரேமாக எப்போதும் நீண்டதையே வையுங்கள்.

பொருந்திய பிறகும் விண்மீனின் நடுவில் ஒரு கூர்மையான புள்ளியும், அதைச் சுற்றி ஒருபுறம் நீண்ட ஒளிப்பட்டையும் தெரிந்தால், பிழை பொருத்துவதில் இல்லை. நீண்ட பிரேம்களில் விண்மீன்கள் இழுபட்டிருக்கின்றன. நம் பகுதியில் இது அடிக்கடி நேர்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஏற்காட்டின் அட்சரேகை 12 டிகிரிக்குச் சற்றுக் குறைவு; துருவ விண்மீனும் வடக்கே அந்த உயரத்தில்தான் நிற்கிறது. காப்பித் தோட்டத்து சில்வர் ஓக் மரங்களுக்குப் பின்னால் அது மறைந்துவிட, பலர் செல்பேசித் திசைகாட்டியை நம்பித் துருவ நேர்ப்படுத்தலை (ட்ராக்கரின் அச்சை வான் துருவத்தை நோக்கி வைப்பதை) முடித்துவிடுகிறார்கள். 5 விநாடிக்கு அது போதும், 180 விநாடிக்குப் போதாது. வடக்கு திறந்திருக்கும் இடத்தைப் பகல் வெளிச்சத்திலேயே பார்த்து வையுங்கள். அப்படி இடம் வாய்க்காதபோது, நினா மென்பொருளின் மூன்று புள்ளி நேர்ப்படுத்தலுக்குத் துருவ விண்மீன் கண்ணில் பட வேண்டிய தேவையில்லை. எடுத்து வந்த படத்தைப் பொறுத்தவரை, 180 விநாடி ஸ்டாக்கிலிருந்து விண்மீன்களை நீக்கி, 30 விநாடி ஸ்டாக்கின் விண்மீன்களை வைப்பதே தக்க வழி.

படத்தின் ஒரு பக்கம் பொருந்துகிறது, மறுபக்கம் பொருந்தவில்லை

விகிதம் இடத்துக்கு இடம் மாறுகிறது என்றால் ஒளிச்சரிவு கழிக்கப்படவில்லை. ஏற்காட்டுக்குத் தெற்கிலும் தென்மேற்கிலும் சேலத்தின் வெளிச்சம் வானத்தின் அடிப்பகுதியை நிறைத்திருக்கிறது. லேடீஸ் சீட் காட்சிமுனையில் ஒருமுறை இரவில் நின்று பார்த்தவர்களுக்கு அதன் அளவு தெரியும். ஓரியன் உச்சியில் இருக்கும்போது அந்த வெளிச்சத்துக்கு மேலே தப்பிவிடுகிறது, மேற்கே சரியும்போது அகப்பட்டுக்கொள்கிறது. உச்சிக்கோட்டில்கூட 31 டிகிரிக்கு மேல் ஏறாத ஒமேகா சென்டாரி விண்மீன் கொத்துக்கு அந்தத் தப்பித்தலும் இல்லை. வெவ்வேறு நேரத்தில் எடுத்த ஸ்டாக்குகளில் சரிவின் திசையும் அளவும் வேறுபடும் என்பதால், இணைத்த பின் கழிக்கலாம் என்று தள்ளிப்போடாமல், ஒவ்வொரு ஸ்டாக்கிலும் தனித்தனியே முன்கூட்டியே கழித்துவிடுங்கள். எடுக்கும்போதே 180 இல் பத்து, 5 இல் சில என்று மாற்றி மாற்றி எடுத்தால் இந்த வேறுபாடு பெருமளவு குறையும்.

மூடுபனியும் இதே அறிகுறியைத் தரும். விண்மீன்களைச் சுற்றி ஒளிவட்டம் வளர்ந்துகொண்டே போகிறதா என்று பிரேம்களை வரிசையாக ஓட்டிப் பாருங்கள். லென்ஸின் முன்கண்ணாடியில் பனி படியும்போது முதலில் நடுப்பகுதி மங்கும், பிரகாசமான விண்மீன்கள் பஞ்சுபோலப் பருக்கும், பின்னணி எண் ஏறும், விண்மீனின் உச்ச எண் இறங்கும். அத்தகைய பிரேம்களை எந்த எடையிலும் சேர்க்காதீர்கள், நீக்குங்கள். லென்ஸைச் சுற்றி ஒரு வெப்பப் பட்டை கட்டாமல் ஏற்காட்டில் குளிர்கால இரவில் நீண்ட எக்ஸ்போஷர் எடுப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

நிறப்புள்ளிகள் குறுக்கும் நெடுக்கும் சிதறிக் கிடக்கின்றன

டார்க் பொருந்தவில்லை. 180 விநாடிக்கு எடுத்த டார்க்கை 5 விநாடிக்கும் கழித்தால் வெப்பப் பிக்சல்கள் (இருளிலும் ஒளிரும் பிக்சல்கள்) கருங்குழிகளாகும். 5 விநாடி டார்க்கை 180 க்குக் கழித்தால் அவை சிவப்பு, நீலப் புள்ளிகளாக எஞ்சும். ஒவ்வொரு நேரத்துக்கும் அதே நேரத்தில், அதே ஐஎஸ்ஓவில், அதே வெப்பநிலையில் எடுத்த டார்க் வேண்டும். குளிரூட்டி இல்லாத கேமராவில் அந்த மூன்றாவது நிபந்தனைதான் தவறிப்போகிறது. மலையில் படத்தை எடுத்துவிட்டு, மறுநாள் சேலத்து வீட்டு மொட்டை மாடியில் டார்க் எடுப்பது வசதிதான். ஆனால் ஏற்காடு சுமார் 1,500 மீட்டரிலும் சேலம் சுமார் 280 மீட்டரிலும் இருக்கும்போது வெப்பநிலை வேறுபாடு எட்டு டிகிரியை எட்டும். ஏறத்தாழ ஒவ்வொரு 6 டிகிரிக்கும் டார்க் சிக்னல் இருமடங்காகும் என்பதால், மாடியில் எடுத்த டார்க் இரண்டரை மடங்கு அதிகமாகக் கழித்துவிடும். பொருட்களை மூட்டை கட்டும் நேரத்தில் லென்ஸை மூடி, அங்கேயே எடுத்து முடியுங்கள். ஃப்ளாட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஃபோகஸையும் கேமராவின் கோணத்தையும் தொடாமலிருந்தால், மூன்று எக்ஸ்போஷருக்கும் ஒரே ஃப்ளாட் போதும்.

மையம் தெளிவு, சிறகு தெளிவு, இடைப்பகுதி மட்டும் கரகரப்பு

180 இலிருந்து 5 க்கு நேராகத் தாவியிருக்கிறீர்கள். நீண்டது நிரம்பத் தொடங்கும் இடத்தில் 5 விநாடி ஸ்டாக்கில் ஒளி மிகக் குறைவு. 30 விநாடிப் பிரேம்கள் இருந்தால் அவற்றை நடுவில் வைத்து இரு கட்டங்களாக இணையுங்கள்: முதலில் 5 உடன் 30, பிறகு அந்த முடிவோடு 180. அடுத்தடுத்த நேரங்களுக்கு இடையே ஆறு மடங்குக்கு மேல் இடைவெளி விடாதிருப்பது நல்லது. 30 இல்லையென்றால், 5 விநாடிப் பிரேம்கள் கூடுதலாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பிரேம்களை நான்கு மடங்காக்கினால் அந்த இடைப்பகுதியின் இரைச்சல் பாதியாகும், அதற்கு ஆகும் நேரம் சில நிமிடங்களே. அதுவும் இல்லாத நிலையில், இடைப்பகுதிக்கு மட்டும் மறைப்படம் வைத்து இரைச்சலை மெதுவாகத் தணிக்கலாம், ஆனால் வாயுவின் நுண்ணிய இழைகளும் அதோடு சேர்ந்து மழுங்கும்.